சூட்டி எடுத்த மைப்படி

யோசெப்பினின் இடது காதுக்குப் பின்னால் மை இருந்தது.

முகம் கழுவித் துடைத்த வெள்ளைத் துவாயில்தான் அதைக் கண்டாள். பெருவிரல் பதிந்தது போன்ற ஒரு கறுப்பு. பேனை மையைப் போல ஓரங்களில் நீலம் பாயாத, புகையை அரைத்துப் பசையில் குழைத்தது போன்ற, வெளிச்சத்தைத் திருப்பித் தராத கறுப்பு. மூக்கருகே கொண்டுபோனாள். கற்பூரமும் நனைந்த கரியும் கலந்த மணம். அந்த மணம் அவளுக்குத் தெரியும். ஆனால் அது இந்த வீட்டுக்குள் வரக்கூடிய வழி டிசம்பர் மாதத்தோடு மூடிப்போயிருந்தது.

டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் அவளுக்கு விடியற்கால வேலை. பின்னேரம் வீடு வந்தால், மொன்றியலின் அஹுன்ட்சிக்கில் ஜனவரி மாதத்து வெளிச்சம், விருந்துக்கு வந்த பணக்கார உறவினரைப் போலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கிளம்பிவிடும். அந்த இருட்டுப்படும் நேரத்தில் அவள் பேஸ்மென்டுக்கு இறங்கி, மகளின் கட்டிலில், மகளின் கம்பளிக்குள் கொஞ்சம் கண்ணயர்வாள். இன்றைக்கு எழும்பியபோது முகம் நனைந்திருந்தது. அழுதிருப்பேன் என்று நினைத்தாள். அழுகை இப்போதெல்லாம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் கண்ணீர் கண்ணிலிருந்து காதுக்கு ஓடும், உப்புக் கரிக்கும். இது நெற்றி, மூக்கு, நாடி எல்லாம் ஒரே சீராக நனைந்து, காயக் காயத் தோலைச் சுருக்கிப் பிடித்தது, மதிலில் ஒட்டிய நோட்டீஸ் வெயிலில் காய்வதைப் போல.

மேலே கணவர் அருமைநாதன் தொலைபேசியில் கல்லைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

“ஓம், கறுப்புக் கிறனைற். எழுத்து பொன் நிறம். பட்டங்கள் ஒண்டும் விடுபடக் கூடாது, சொல்லிப்போட்டன்.”

அருமைநாதனை அறிமுகப்படுத்த ஒரு பெயர் போதாது என்பது அவருடைய சொந்தக் கருத்து. ஊரில் உடையார் பரம்பரை, கொஞ்சக் காலம் சமாதான நீதவான். மொன்றியலில் காப்புறுதி முகவர். தமிழர் சங்கம் ஒன்றின் தலைவர். அது உடைந்தபோது இரண்டு பாதிகளுக்கும் போஷகர். ‘சமூகச் சுடர்’ என்ற பட்டத்தை, அவர் தலைமை தாங்கிய விழாவில், அவர் தலைவராக இருந்த சங்கம் அவருக்கே வழங்கியது. ஏற்புரையில், தாம் இதைச் சற்றும் எதிர்பார்க்கவில்லை என்றார்.

கல் மகளின் கல்லறைக்கு. றெபேக்கா. வீட்டில் அவள் சூட்டி. பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். டிசம்பரில், முதல் உறைமழை விழுந்த நாளில், ஆற்றுக்கு அப்பாலுள்ள புரோசார்ட்டிலிருந்து திரும்பிய சிநேகிதியின் கார் பாலத்து வளைவில் வழுக்கியது. அதற்குமேல் சொல்ல யோசெப்பினிடம் சொல் இருக்கவில்லை. அருமைநாதனின் இரங்கலுரையில் நிறைய இருந்தது.

இந்த ஊரில் குளிர்காலத்து மண் இரும்பாகிவிடும். றெபேக்காவை அடக்கவேண்டிய சேமக்காலையில் குளிர்காலத்தில் குழி வெட்டுவதில்லை. பின்பக்கத்தில் ஒரு கல் அறை, அதற்குள் தட்டுத் தட்டாகப் பெட்டிகள். மே மாதம் மண் இளகும்வரை செத்தவர்கள் அங்கே காத்திருக்கவேண்டும். சுவாமியார் இதை மெதுவாக எடுத்துச் சொன்னபோது அருமைநாதன் தலையாட்டினார். கல்லை ஆறுதலாக, முறையாகச் செய்விக்க நேரம் கிடைக்கிறது என்றார்.

யோசெப்பினுக்குத்தான் அது ஏறவில்லை. சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை. இருட்டுக்குள், குளிருக்குள், வசந்தம் வரும்வரை ஒரு தட்டில் படுத்துக்கொண்டு என்ன செய்யும்? உடலைப் பார்வைக்கு வைத்திருந்த நாளில், எல்லோரும் கோப்பியும் ரோல்ஸும் எடுக்கப் போன சமயம், அவள் மகளின் சீலைப் பையை எடுத்து, பெட்டிக்குள் போர்த்தியிருந்த வெள்ளைச் சற்றின் பட்டுத் துணிக்குக் கீழே, செபமாலை சுற்றிய கைக்குப் பக்கத்தில் செருகிவிட்டாள். பைக்குள் தூரிகை இருந்தது. பஞ்சு வைத்துக் கட்டிய பட்டுப் பொட்டலம் இருந்தது. மைப்போத்தல் இருந்தது. மடித்த மெல்லிய கடதாசிக் கட்டு இருந்தது.

தூரப் பயணம் போகும் பிள்ளைக்குத் தாய்மார் பையில் ஏதாவது வைத்துவிடுவதில்லையா. அவ்வளவுதான் அவள் செய்தது.

*

அந்தப் பை வந்த கதை இது. றெபேக்கா சீன மொழியும் சீனத்துப் பழைய எழுத்துகளும் படித்தாள். அருமைநாதன் சபைகளில் அதைச் ‘சர்வதேச வர்த்தகம்’ என்று மொழிபெயர்த்து வந்தார். ஒரு கோடையில் படிப்புக்காக அங்கே போய்வந்தவள், அந்தப் பையையும் சுருட்டிய பெரிய கடதாசி ஒன்றையும் கொண்டுவந்து, கடதாசியைப் பேஸ்மென்ட் சுவரில் தொங்கவிட்டாள். கல்வெட்டுப் போலச் சதுரமான கன்னங்கறுப்பு, அதற்குள் மெல்லிய கோடுகளால் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்றாக வெள்ளை எழுத்துகள்.

“இது ஆரின்ரை கல்லு?” என்று கேட்டாள் யோசெப்பின்.

“ஒரு பிள்ளையின்ரை, அம்மா. ஆயிரத்து நானூறு வருசத்துக்கு முந்தி. குழிக்குள்ளை, பெட்டிக்குப் பக்கத்திலை வைச்சு மூடுற கல்லு. இது அதிலையிருந்து எடுத்த மைப்படி.” மைப்படி என்ற சொல்லை ஒரு தமிழ்ப் புத்தகத்திலிருந்து தானே தேடிப் பிடித்தாள். வெளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கதைக்கும் பிள்ளை, அந்த ஒரு சொல்லைத் தாய்க்குக் கற்பித்ததில் அவளுக்குப் பெரிய புளுகம், பெருமை.

“உள்ளுக்கை வைச்சு மூடினால் ஆர் வாசிக்கிறது?”

“உள்ளுக்கை படுத்திருக்கிற ஆள்தான்.”

விரலை வைத்து மேலிருந்து கீழாக வாசித்துக் காட்டினாள். “இது பூட்டன்ரை உத்தியோகம். இது அப்பப்பான்ரை. இது டாடி. இதுவும் டாடி. இது டாடிக்கு ராசா குடுத்த பட்டம். இது அந்தப் பட்டத்துக்கு மேலை குடுத்த பட்டம்.”

“பிள்ளை எங்கையடி?”

“பொறுங்கோ, வருவா. டாடி முடியட்டும்.” சிரித்தாள். “உங்கடை மனிசனுக்கு இதைக் காட்டிப்போடாதேங்கோ. சொந்தக்காரர் எண்டு சொல்லிக்கொண்டு சீனாவுக்கு வெளிக்கிட்டிடுவார்.”

யோசெப்பினுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு பிள்ளை வந்த இடத்தை றெபேக்கா காட்டினாள். இடது ஓரத்தில், ஒடுங்கிய சில வரிகள்.

“எழுத்தை வடிவாப் பாருங்கோ அம்மா. தூரிகையாலை எழுதினது ஒருத்தன், உளியாலை வெட்டினது இன்னொருத்தன். பட்டம் வாற இடமெல்லாம் கந்தோர் எழுத்து மாதிரி, ஒரே அளவு, ஒரே இறுக்கம். ஒவ்வொரு கோடும் கோடாலி வாய் மாதிரித் தொடங்குது. இஞ்சை வாங்கோ. பிள்ளை சாகுது. கோடு தடிக்குது பாத்தீங்களோ? தூக்கவேண்டிய இடத்திலை தூரிகையைத் தூக்காமல் இழுத்திருக்கிறான். இதிலை அவனுக்குக் கை பாரமாப் போச்சு. வெட்டினவனும் அதைத் திருத்தேல்லை. எழுதினவன்ரை பேர் கல்லிலை இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்திலை அழுத ஒரே ஆள் அவன்தான் எண்டு நினைக்கிறன்.”

“இந்த மூலையிலை ஏன் கட்டம் வெறுமையாக் கிடக்கு?”

“கட்டத்தை முதலே கீறிப்போடுவினம். பிள்ளையைப் பற்றிச் சொல்ல விசயம் முடிஞ்சுபோச்சு, கட்டம் மிஞ்சிப்போச்சு.” வெறுங் கட்டத்தை விரலால் தொட்டாள். “தாயைக் கேட்டிருந்தால் நிரப்பியிருப்பா.”

“தாயின்ரை பேர்?”

“இல்லை அம்மா. எங்கையும் இல்லை.”

அந்தக் கோடையின் மிச்சம் முழுக்க றெபேக்கா கண்டதையெல்லாம் படியெடுத்தாள். தெருச் சாக்கடை மூடி, நடைபாதையில் பதித்திருந்த ஆண்டு, சுவரில் தொங்கிய குருசு, தகப்பனின் ‘சமூகச் சுடர்’ கேடயம். நனைத்த கடதாசியை மேலே விரித்து, பள்ளங்களுக்குள் தூரிகையால் அமத்தி, ஈரம் இழுபட்டு வரும் பதத்தில் மை தோய்த்த பொட்டலத்தால் தட்டுவாள். தப். தப். தப். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். சமையலறையில் நின்ற யோசெப்பினுக்கு அந்தச் சத்தம், தொட்டில் பிள்ளையின் முதுகில் தட்டி நித்திரையாக்கும் சத்தமாகவே கேட்கும். ஒருநாள் தாயின் உள்ளங்கையையும் எடுத்தாள்.

“முகத்தை எடுக்கட்டோ?”

“போடி. மூச்சு முட்டும்.”

“எடுக்காமல் விடுறதும் நல்லதுதான். கன தரம் எடுத்தால் கல்லுத் தேஞ்சுபோம். ஒவ்வொரு படியும் கொஞ்சம் கொஞ்சம் தின்னும். சில பழைய கல்லு இப்ப வழுக்கை. என்ன இருந்தது எண்டு கடதாசிக்குத்தான் தெரியும்.”

*

சிறுவயதில் கிணற்றுக்கட்டில் விழுந்து யோசெப்பினின் வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. மை கண்ட நாளுக்குப் பிறகு வந்த வாரத்தில், முகம் கழுவும்போது விரல் அதைத் தேடியது. புருவத்தில் வழக்கமாகத் தட்டுப்படும் அந்தச் சின்னக் குழி, கடற்கரை மணலில் அலை வந்துபோன பிறகு கிடக்கும் காலடி போல, இருந்தும் இல்லாமல் இருந்தது.

பின்னேரம் நித்திரை. எழும்பினால் ஈரம். தலையணையில் கறுப்பு.

ஒரு பின்னேரம் அவள் நித்திரை கொள்ளவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டு கிடந்தாள். சுடுநீர்க் கொதிகலன் ஒருதரம் உறுமி அடங்கியது. வெளியே பனி வழிக்கும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு தூரம் போனது. பிறகு வந்த அமைதிக்குள், இந்த வீட்டுக்குரியதல்லாத ஒரு குளிர், திறந்த குளிர்பெட்டியிலிருந்து தரையில் இறங்கும் வெண்புகை போலப் படிக்கட்டால் வழிந்து, கட்டிலைச் சுற்றித் தேங்கியது. கடதாசி விரியும் சரசரப்பு. தண்ணீர் சொட்டும் சத்தம். நெற்றியிலிருந்து நாடிவரை மெதுவாக, சுருக்கம் விழாதபடி கவனமாக, ஈரமான ஏதோ ஒன்று அவள் முகத்தின்மேல் இறங்கியது. தூரிகையின் மயிர்கள் அதைக் கண்குழிக்குள் அமத்தின. மூக்கின் ஓரத்தில் அமத்தின. உதடுகளின் நடுக்கோட்டில் அமத்தின.

தப். தப். தப்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் யார் என்று தெரிந்துவிடும். திறந்தால் யாரும் இல்லை என்றும் தெரிந்துவிடலாம். இரண்டில் எது பெரிய பயம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வேலையில் பக்கத்தில் நின்று சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் பிரியந்தி அடுத்த நாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. என்ன கிறீம்?”

“ஒண்டுமில்லையடி.”

“பொய். கண்ணுக்குக் கீழை ஒரு கோடில்லை, நெத்தியிலை ஒரு சுருக்கமில்லை. எனக்கும் ஒரு டப்பா வாங்கித் தாங்கோவன், மனிசன் கொஞ்சம் நிமிந்து பாக்கட்டும்.”

வாசலில் அடையாள அட்டை பார்க்கும் காவலாளி, இத்தனை காலமும் “பொன்ஜூர் மதாம்” என்று தலையைத் தூக்காமலே உள்ளே விடுபவன், அட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி அட்டையைப் பார்த்தான்.

அருமைநாதன் ஒன்றும் கவனிக்கவில்லை. அவளைப் பார்த்துக் கதைக்கும் பழக்கம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. பின்வரிசைவரை சபை நிறைந்திருப்பது போல, அவள் தலைக்கு மேலாலேதான் கதைப்பார்.

“இஞ்சரும், கல்லிலை சின்னச் சிக்கல். எழுத்துக் கொள்ளுதில்லையாம். ஒரு வரி குறைக்கட்டாம்.”

“சமாதான நீதவானைக் குறையுங்கோவன்.”

தேவதூஷணம் கேட்டவரைப் போல அவர் நின்றார். “அது அரசாங்கம் தந்ததப்பா. யோசிச்சுத்தான் செய்திருக்கிறன். உம்மடை பேரை எடுத்திட்டன். என்ரை பேர் இருந்தால் உம்மடையும் இருக்கிற மாதிரித்தானே.”

“எனக்கு வேண்டாம். சூட்டி எண்டு மட்டும் எங்கையாவது ஒரு மூலையிலை...”

“கல்லிலையோ? ஆக்கள் சிரிப்பினம்.”

அன்றைக்குக் காட்டிய கல்லின் வரைபடத்தை அவள் வாசித்தாள். உடையார் பரம்பரை இருந்தது. நீதவான் இருந்தது. சுடர் இருந்தது. போஷகர் இரண்டு தடவை இருந்தது. அடியில், அளவில் கொஞ்சம் சிறிதாக, றெபேக்கா.

*

பயம் வென்ற வாரம் ஒன்று வந்தது. கண்ணாடியில் கண்ட முகத்தின் உதட்டோரம் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. சவர்க்காரக் கட்டியில் பதித்த பெயர் குளிக்கக் குளிக்கப் போவது போல, முகம் போய்க்கொண்டிருந்தது. அவள் பேஸ்மென்ட் கதவைப் பூட்டினாள். கைப்பிடியில் செபமாலையைத் தொங்கவிட்டாள். பின்னேரங்களில் மேலே வரவேற்பறைச் சோபாவில், எல்லா விளக்கையும் எரியவிட்டு, தொலைக்காட்சியை உரக்கப் போட்டு இருந்தாள்.

முதல் நாள் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் கீழேயிருந்து கேட்டது. தப். தப். கட்டில் இருக்கும் இடத்தில். பிறகு கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில். பிறகு எதிர்ச் சுவரில். அது ஓர் இடத்தில் நிற்கவில்லை. கண் தெரியாத ஒருவர், வைத்த இடத்தில் இல்லாத ஒரு பொருளைத் தேடுவதைப் போல, சுவர் சுவராக, அலுமாரி, மேசை, குழாய் என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் போனது. எதிலும் முகம் இல்லை.

பிறகு படியில். ஒரு படி. இன்னொரு படி.

கதவின் மறுபக்கத்தில்.

தப். தப். தப். மரத்தில். கைப்பிடி உயரத்தில். குளிர் கதவின் அடியால் வந்து அவள் பாதத்தைத் தொட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பரலோக மந்திரம் பாதியில் மறந்துபோனது.

சத்தம் வலுக்கவில்லை. கதவு அதிரவில்லை. அவள் அதற்கெல்லாம் ஆயத்தமாக இருந்தாள். ஆயத்தமில்லாத ஒன்றுதான் நடந்தது. தட்டுவது மெதுவாகியது. இடைவெளி கூடியது. சின்ன வயதில் கோபத்தில் தாய் அறைக் கதவைப் பூட்டியிருந்தால், வெளியே நின்று சூட்டி தட்டுவாள். தட்டித் தட்டி, திறக்கமாட்டா என்று தெரிந்ததும், கடைசியாக ஒரு தரம், விரல் நுனியால் மட்டும் தொட்டுவிட்டுப் போவாள்.

தப்.

அவ்வளவுதான். காலடி இல்லை. குளிர் பின்வாங்கத் தொடங்கியது.

யோசெப்பின் செபமாலையைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். படிக்கட்டில் ஒருவரும் இல்லை. சுவரில், கைக்கெட்டும் உயரத்தில், ஈரச் சதுரங்கள் வரிசையாகக் கீழே இறங்கிப் போயின.

“வாறன் பிள்ளை,” என்றாள். “வாறன். அம்மா வாறன்.”

கீழே போய்க் கட்டிலில் நிமிர்ந்து படுத்து, முகத்தில் விழுந்த மயிரைத் தானே ஒதுக்கிவிட்டாள்.

கடதாசி இறங்கியபோது கேட்டாள்: “சூட்டி, குளிருதோ?”

தட்டுவது நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் காத்திருந்தாள். மறுபடி தொடங்கியபோது அது வேலை செய்யும் தட்டலாக இருக்கவில்லை. கன்னத்தில், ஈரக் கடதாசிக்கு மேலால், மிக மெதுவாக, ஒரே தாளத்தில், யாரோ யாரையோ நித்திரையாக்கினார்கள். மகள் போனபிறகு முதல் தடவையாக யோசெப்பின் நன்றாக நித்திரை கொண்டாள்.

*

பெப்ரவரி. மார்ச். ஒவ்வொரு பின்னேரமும்.

வாசல் காவலாளி ஒருநாள் அவளை உள்ளே விடவில்லை. அட்டையைத் திருப்பித் தந்தான். மன்னிப்புக் கேட்பது போலக் கையை விரித்தான். பிரியந்தி பின்னால் வந்தாள். அவளைக் கடந்து உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. யோசெப்பின் கூப்பிடவும் இல்லை. மறுநாள் முதல் வேலைக்குப் போகவில்லை.

தழும்பு போனது. புருவம் போனது. மூக்கின் இரு பக்கத்துச் சரிவும் சமமாகிக்கொண்டு வந்தது. அவள் கண்ணாடிகளுக்குத் துணி போட்டாள். விரலால் தடவினால் போதும். தெரியும். நாளுக்கு நாள் தடவ எளிதாக இருந்தது.

ஆளை உரித்து வைத்திருக்கிறாள் என்று எல்லோரும் சொல்வார்கள், சூட்டி சின்னவளாக இருந்த காலத்தில். தாயின் முகம் அப்படியே பிள்ளையில் என்று. இப்போது அந்த முகம் இரண்டு இடத்திலும் இல்லை. வேறோரிடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று யோசிக்க அவள் துணியவில்லை.

ஒருநாள் சங்கத்து ஆட்கள் கல்லின் வரைபடம் பார்க்க வந்திருந்தார்கள். தேத்தண்ணி கொண்டுபோனாள். அருமைநாதன் கோப்பையை வாங்கிக்கொண்டு கேட்டார்:

“யோசெப்பின் எங்கை?”

“நான்தான்.”

அவர் கொஞ்சம் பார்த்தார். முதல் தடவையாகத் தலைக்கு மேலால் அல்லாமல், நேரே, முகம் இருக்கவேண்டிய இடத்தில் பார்த்தார்.

“லைற்றைப் போடும்,” என்றார். “இருட்டாக் கிடக்கு.”

லைற் எரிந்துகொண்டுதான் இருந்தது.

*

மே மாதத்தில் மண் இளகியது.

சேமக்காலையில் புல் பச்சை விட்டிருந்தது. அருமைநாதனின் தமையன் குடும்பம் லண்டனிலிருந்து வந்திருந்தது. வீடியோ எடுக்க வந்த பொடியன் றொக்சன் மூன்றுகால் தாங்கியோடு ஓடித் திரிந்தான். புதைகுழிக்கு அருகே ஒலிபெருக்கி. துணி போர்த்திய கல். யோசெப்பின் கறுப்புக் கண்ணாடி போட்டு, லேஸ் முக்காட்டை நாடிவரை இழுத்துவிட்டிருந்தாள். பாவம், துக்கம் என்றார்கள். அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னவர்கள், அவள் பேரைச் சொல்லவில்லை.

கல் அறையின் இரும்புக் கதவு திறந்தது. அந்தக் குளிர். அவளுக்குப் பழக்கமான குளிர். அதற்குள், மெல்லிசாக, கற்பூரமும் நனைந்த கரியும்.

பெட்டியைத் தூக்கி வந்து வெயிலில் வைத்தார்கள்.

“ஒருக்கா திறக்கச் சொல்லுங்கோ,” என்றாள் யோசெப்பின்.

“என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?”

“திறக்கச் சொல்லுங்கோ.”

கேட்டுப் பழக்கமில்லாத குரல் அது. அருமைநாதன் தயங்கினார். தமையன் பார்த்துக்கொண்டு நின்றார். றொக்சனின் கமெரா அவர் பக்கம் திரும்பிச் சிவப்பு விளக்கை எரித்தது. அவ்வளவும் போதுமாக இருந்தது. “அண்ணை கடல் கடந்து வந்திருக்கிறார். அவர் பிள்ளையின்ரை முகத்தைக் காணவேணும்!” என்று கமெராவுக்கு அறிவித்தார். சேமக்காலைப் பொறுப்பாளர் “நோன், மிசியே” என்று மறுத்துத் தலையாட்டினார். அருமைநாதன் தாம் யார் என்பதை ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். நீதவானில் தொடங்கிச் சுடருக்கு வருமுன்பே அந்த மனிதர், வேறு வழியில் இதை நிறுத்த முடியாது என்று கண்டவராக, மூடியின் திருகைக் கழற்றி அதைப் பாதியளவு தூக்கிப் பிடித்தார்.

எல்லோரும் முகத்தை எட்டிப் பார்த்தார்கள்.

“நித்திரை கொள்ளுற மாதிரி,” என்றாள் லண்டன் மச்சாள். கையெடுத்துக் கும்பிட்டார்கள். விலகிக்கொண்டார்கள்.

எல்லோரும் கீழே பார்த்தார்கள். மேலே ஒருவரும் பார்க்கவில்லை. யோசெப்பின் குனிந்து, பெட்டிக்குள் படுத்திருப்பவள் பார்க்கும் பக்கமாகத் தலையைத் திருப்பினாள்.

மூடியின் உட்புறம் கறுப்பு.

சற்றின் துணிமேல், கட்டம் கட்டமாக, கடதாசிகள். ஓரம் பிசகாமல். மேலே முதல் கட்டத்தில் அவள் முகம். புருவத்துத் தழும்பு வெள்ளையாக. கண்ணோரத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் வெள்ளையாக. உதட்டு வெடிப்புவரை. அடுத்ததிலும் அவள். அடுத்ததிலும். வரிசை வரிசையாக, கீழே படுத்திருப்பவளைப் பார்த்தபடி. வர வர வெள்ளை குறைந்தது. தழும்பு இல்லை. புருவம் இல்லை. கடைசி வரிசையில் வெறும் கறுப்பு. நடுவில் வாய் இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கீற்று. அந்தக் கடதாசிகளில் தட்டல் மாறியிருந்தது. மை தடித்திருந்தது. தூக்கவேண்டிய இடத்தில் தூக்காமல் இழுத்திருந்தது.

கை பாரமாகியிருந்தது.

இடது மூலையில் ஒரு கட்டம் மட்டும் வெறுமை.

யோசெப்பின் நெஞ்சுவரை போர்த்தியிருந்த துணியை விலக்கிக் கீழே பார்த்தாள். செபமாலை சுற்றிய விரல்கள். நகம்வரை கறுப்பு. சீலைப் பை திறந்து கிடந்தது. தூரிகை நனைந்திருந்தது. நெஞ்சில், மடிப்புக் குலையாமல், அந்த வெறுங் கட்டத்துக்கான கடைசிக் கடதாசி.

குழிக்கு அருகே அருமைநாதன் ஒலிவாங்கியைப் பிடித்து விரலால் தட்டிப் பார்த்தார். தப். தப். “ஹலோ. கேக்குதோ?” எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். மூடியைப் பிடித்திருந்தவரும் திரும்பினார். கல்லின் துணி இறங்கியது. கை தட்டினார்கள்.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். முக்காட்டைக் கழற்றினாள். வெயில் முகத்தில் பட்டது. நிற்க இடமில்லாமல் வழுக்கிப் போனது.

“இந்தா பிள்ளை,” என்றாள், மிச்சமிருந்த வாயால்.

மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள். கீழேயிருந்து, சுருக்கம் விழாதபடி கவனமாக, நனைந்த கடதாசி ஒன்று அவள் முகத்தை நோக்கி எழுந்தது.